இருட்டில் வளர்ந்த பயறு



‘தொடக்கப் பள்ளியில் செய்முறை அறிவியல்’ என்பது எனக்குக் கொடுத்த தலைப்பு. இந்தத் தலைப்பில் பேச வருகிறவர்கள் பை நிறைய பலூன், காந்தம், உறிஞ்சுகுழல் எல்லாம் கொண்டுவருவது வழக்கம். நான் வெறுங்கையோடு வந்திருக்கிறேன். சாமான் இல்லாததால் அறிவியல் நடக்காத பள்ளிகள் உண்டுதான். ஆனால் பெட்டி பெட்டியாகச் சாமான் வந்து இறங்கி, செய்முறையும் ஒழுங்காக நடந்து, அறிவியல் மட்டும் நடக்காத வகுப்பறைகளையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன். அது எப்படி நேர்கிறது என்பதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

நம் பள்ளிகளில் தவறாமல் நடக்கும் சோதனை ஒன்று. இரண்டு தேங்காய்ச் சிரட்டையில் மண்ணைப் போட்டு, பச்சைப்பயறு ஊன்றித் தண்ணீர் தெளிப்பார்கள். ஒரு சிரட்டை ஜன்னலோரம் இருக்கும், இன்னொன்று பீரோவுக்குள் போகும். சில நாள் கழித்து இரண்டையும் எடுத்து மேசைமேல் வைத்து, ‘தாவரம் வளர சூரிய ஒளி தேவை’ என்று கரும்பலகையில் எழுதி முடிப்பார்கள். ஒரு பள்ளியில், நான்காம் வகுப்பில், இது முடிகிற நாளில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பீரோவிலிருந்து வந்த பயறு ஜன்னலோரப் பயறைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு உயரம். வெளிறிய தண்டு, மஞ்சள் பூத்த சின்ன இலை. “இதுதான் டீச்சர் பெருசு” என்றான் ஒரு பையன். அவனை உட்காரச் சொல்லிவிட்டு, பலகையில் இருப்பதைப் பார்த்து எழுதச் சொன்னார்கள். வகுப்பில் இருந்த அத்தனை நோட்டிலும், ‘வெளிச்சத்தில் வைத்த செடி நன்றாக வளர்ந்தது, இருட்டில் வைத்த செடி வளரவில்லை’ என்று ஏறியது. வளராத செடி எதிரே நெடுநெடுவென்று நின்றுகொண்டிருந்தது. அந்தப் பையனும் அதையேதான் எழுதினான். கையெழுத்து அழகாக இருந்தது.

அந்த ஆசிரியரைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. பார்வையிட வருகிறவர் புத்தகத்தில் உள்ள வாக்கியம் நோட்டில் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார். ஆனால் அன்று அந்தப் பிள்ளைகள் என்ன கற்றார்கள்? கண்ணால் கண்டது வேறு, நோட்டில் எழுத வேண்டியது வேறு என்று கற்றார்கள். இதை ஒன்பது வயதில் ஒருமுறை நன்றாகக் கற்றுக்கொண்ட பிள்ளைக்கு, பிறகு எத்தனை ஆய்வுக்கூடம் கட்டிக் கொடுத்தாலும் பயன் குறைவு. பிளஸ் டூ செய்முறைத் தேர்வில் விடையை முதலில் போட்டுவிட்டு அளவீட்டை அதற்கேற்ப எழுதும் வித்தை நம் எல்லோருக்கும் தெரியும். அந்த வித்தைக்கு அரிச்சுவடி இங்கே, இந்தச் சிரட்டையில்தான்.

சரி, “இதுதான் பெருசு” என்று சொன்ன பையனை உட்கார வைக்காமல் இருந்திருந்தால் வகுப்பு எந்தப் பக்கம் போயிருக்கும்?

முதலில், ‘நன்றாக வளர்ந்தது’ என்பதை எதை வைத்துச் சொல்வது என்ற பேச்சு வந்திருக்கும். உயரமா, நிறமா, தண்டின் தடிமனா, இலையின் அகலமா? உயரத்தை அளக்க ஸ்கேல்கூட வேண்டாம். தினமும் செடியின் பக்கத்தில் காகிதக் கீற்று ஒன்றைப் பிடித்து, அதே உயரத்துக்கு வெட்டி, தேதி எழுதிச் சுவரில் வரிசையாக ஒட்டினால் போதும். வாரக் கடைசியில் வரைபடமே சுவரில் நிற்கும். ‘வரைபடம்’ என்ற சொல்லை அப்புறம் சொல்லிக்கொள்ளலாம். இரண்டாவது, சோதனையை ஒரு வாரத்தோடு நிறுத்த மனம் வராது. இன்னும் சில நாள் விட்டால் இருட்டுச் செடி தன் பாரம் தாங்காமல் சாயத் தொடங்கும். விதைக்குள் இருந்த சாப்பாடு தீர்ந்த பிறகு அதற்குப் போக்கிடம் இல்லை. சாய்வதற்கு முன்பே பாதிச் செடிகளை ஜன்னலோரம் மாற்றி வைத்தால், ஓரிரு நாளில் அந்த மஞ்சள் இலைகளில் பச்சை ஏறுவதைப் பிள்ளைகள் பார்ப்பார்கள். இத்தனையும் பார்த்த பிறகு, விதையில் சேர்த்து வைத்த உணவைக்கொண்டு செடி வெளிச்சத்தைத் தேடி நீள்கிறது, பச்சையம் உண்டாக வெளிச்சம் வேண்டும், பச்சையம் இல்லாமல் தன் சாப்பாட்டைத் தானே தயாரிக்க முடியாது என்று ஆசிரியர் சொன்னால், அந்த வாக்கியம் நிற்பதற்குத் தரை இருக்கும். புத்தகத்து வாக்கியமும் பொய்யாகிவிடாது. அதில் ‘வளர’ என்ற இடத்தில் எவ்வளவு விஷயம் அடங்கியிருக்கிறது என்று தெரியவரும்.

மதுரை, ராமநாதபுரம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது புதிதும் அல்ல. முளைப்பாரி போடுகிற வீட்டில், வெயில் படாத இருட்டறையில் மண்சட்டியை வைத்துத் தண்ணீர் தெளித்து வளர்ப்பதும், திருவிழா நாளில் வெளிர்மஞ்சளாக நெட்டையாகத் தலை நிறைய நிற்பதும் அவர்கள் பார்த்ததுதான். ஏன் வெயிலில் வைப்பதில்லை என்று பாட்டியிடம் கேட்டு வரச் சொல்லலாம். பாட்டி சொல்லும் காரணம் வேறாக இருக்கும். அதையும் எழுதட்டும். வகுப்பில் தோற்றுப்போனதாக அறிவிக்கப்பட்ட அதே செடி ஊரில் தலைமேல் ஏறி ஊர்வலம் போகிறது என்பது எனக்கு எப்போதும் வேடிக்கையாக இருக்கும்.

சோதனையில் நேர்மை என்பதைக் குழந்தைக்கு எப்படிப் புரியவைப்பது என்று பயிற்சிகளில் நீண்ட விவாதம் நடக்கும். ‘மாறிகளைக் கட்டுப்படுத்துதல்’ என்று பெரிய சொல்லெல்லாம் வரும். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இது தண்ணீர் பட்ட பாடு. “அவன் சிரட்டையில மட்டும் ரெண்டு தடவ தண்ணி ஊத்துனான் சார், அழுகுணி ஆட்டம்!” என்பார்கள். கிட்டிப்புள்ளிலும் நொண்டியிலும் அழுகுணி ஆட்டத்தைக் கண்டுபிடிக்கத் தெரிந்த பிள்ளைக்கு, பஞ்சில் வைத்த பயறையும் மண்ணில் வைத்த பயறையும் ஒப்பிடக் கூடாது என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரே விதை வைத்தால் அது முளைக்காமல் போய்விட்டால் என்ன செய்வது என்ற கேள்வியும் அவர்களிடமிருந்தே வரும். பத்து விதை வைக்கலாம் என்ற முடிவும் வரும். நாம் சற்றுப் பொறுத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்து, இதைவிடச் சங்கடமான ஒன்றைச் சொல்கிறேன். தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவே மெழுகுவத்தியை ஏற்றிக் கண்ணாடி டம்ளரைக் கவிழ்ப்போம். மெழுகுவத்தி அணையும், தண்ணீர் உள்ளே ஏறும். ‘காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன், அது எரிந்து தீர்ந்ததால் அந்த இடத்துக்குத் தண்ணீர் ஏறியது’ என்று பல தலைமுறைகளாகச் சொல்லி வருகிறோம். காற்றில் ஆக்சிஜன் சுமார் 21 விழுக்காடு என்பது சரி. தண்ணீர் ஏறியதற்குச் சொன்ன காரணம்தான் சரியில்லை. இதைக் கண்டுபிடிக்க ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் போதும், இரண்டு விஷயத்தை மட்டும் கவனிக்கவிட்டால். தண்ணீர் எப்போது ஏறுகிறது? ஆக்சிஜன் தீரத் தீர ஏறுவதானால் சுடர் எரியும்போதே மெல்ல மெல்ல ஏறிவர வேண்டும். பெரும்பகுதி ஏறுவதோ சுடர் அணைந்ததும்தான், சட்டென்று. இரண்டாவது, மெழுகுவத்தியின் எண்ணிக்கை. டம்ளர் அதேதான், உள்ளே இருக்கும் ஆக்சிஜனும் அதேதான். அப்படியானால் ஒன்று வைத்தாலும் மூன்று வைத்தாலும் ஒரே உயரம்தானே ஏற வேண்டும்? மூன்று வைத்துப் பாருங்கள், கூடுதலாக ஏறும்.

சுடரின் சூட்டில் காற்று விரிகிறது. டம்ளரைக் கவிழ்க்கும்போதே கொஞ்சம் வெளியேறிவிடுகிறது, சில சமயம் விளிம்பில் குமிழி வருவதைப் பார்க்கலாம். சுடர் அணைந்ததும் உள்ளே மிஞ்சிய காற்று குளிர்ந்து சுருங்க, வெளிக்காற்றின் அழுத்தம் தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. ஆக்சிஜன் முழுதும் தீரும் முன்பே சுடர் அணைந்தும்விடுகிறது. மூன்று சுடர் இருந்தால் சூடு அதிகம், அதனால் ஏற்றமும் அதிகம். தீயை ஆசிரியர் கையாள வேண்டும் என்பதைத் தவிர இதில் ஆபத்து எதுவும் இல்லை. “அணைஞ்ச அப்புறம்தான் டீச்சர் தண்ணி ஏறுது” என்று சொல்கிற பிள்ளையை நாம் எத்தனை முறை உட்கார வைத்திருப்போம் என்று நினைத்தால்தான் எனக்குக் கொஞ்சம் பயமாக இருக்கிறது.

இப்படிப் பிள்ளைகளின் கண்ணை நம்பி ஒரு பாடத்திட்டமே நடத்த முடியுமா என்று கேட்பீர்கள். நடத்தியிருக்கிறார்கள். மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972-இல் 16 அரசு நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கினார்கள். தொடங்கியவை கிஷோர் பாரதி, ரசூலியாவிலிருந்த நண்பர்கள் கிராம மையம் என்ற இரண்டு தன்னார்வ அமைப்புகள். கிஷோர் பாரதியை நிறுவிய அனில் சத்கோபால், டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் மூலக்கூறு உயிரியலாளராக இருந்தவர். 1978-இல் மாவட்டம் முழுவதற்கும் விரிந்தது. 1982-இல் உருவான ஏகலவ்யா அமைப்பு பிறகு பொறுப்பேற்றுக்கொண்டது. அவர்களின் பாடநூலான ‘பால் வைஞானிக்’கில் சோதனை இருக்கும், கேள்வி இருக்கும், விடை இருக்காது. விடையைக் குழுவாகச் செய்து பார்த்து, பேசி, நோட்டில் எழுத வேண்டும். தேர்வுக்குப் புத்தகத்தையும் நோட்டையும் எடுத்துக்கொண்டே போகலாம். பார்த்து எழுதினாலும் பயனில்லாத கேள்விகளாகக் கேட்டார்கள். செய்முறைத் தேர்வும் உண்டு. பிள்ளைகள் சந்தேகத்தைக் கடிதமாக எழுத, ‘சவாலிராம்’ என்று கற்பனை ஆள் ஒருவரையும் உண்டாக்கியிருந்தார்கள். அவர் பெயரில் பதிலும் போகும். சைக்கிள் வால்வு டியூபையும் தீக்குச்சியையும் கொண்டு உருவங்கள் செய்யும் வேலையை அரவிந்த் குப்தா தொடங்கியதும் அங்கேதான், 1978-இல். முப்பது ஆண்டு நடந்த அந்தத் திட்டத்தை 2002-இல் மாநில அரசு நிறுத்திவிட்டது.

அது ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கானது. தொடக்கப் பள்ளிக்கென்று பார்த்தால், பிரான்சில் 1996-இல் ஜார்ஜ் ஷார்ப்பாக் தொடங்கி வைத்த இயக்கத்தைச் சொல்ல வேண்டும். 1992-இல் இயற்பியலுக்கு நோபல் பரிசு வாங்கியவர் அவர். அவர்கள் முறையில் என்னை மிகவும் கவர்ந்தது சோதனை நோட்டு. குழந்தை தன் சொல்லில் எழுதுவதும் வரைவதும் ஒரு பகுதி. வகுப்பு முழுவதும் கூடிப் பேசி ஒப்புக்கொண்டதை எழுதுவது இன்னொரு பகுதி. இரண்டும் கலப்பதில்லை. இரண்டாவது பகுதியில் ஆசிரியரின் கை இருக்கும், மொழி சரியாக இருக்கும். முதல் பகுதி குழந்தையின் சொத்து. பயறு உயரமாக இருந்தது என்று எழுதினால் அது அப்படியே இருக்கும். நம் நான்காம் வகுப்புப் பையனுக்கு வேண்டியிருந்தது அந்த அரைப் பக்கம்தான்.

மறுப்புகளுக்கு வருகிறேன். குழந்தைகள் எல்லாவற்றையும் தாமே கண்டுபிடித்துவிடுவார்கள் என்று நான் சொல்லவில்லை. கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் மூவரும் 2006-இல் எழுதிய கட்டுரை, வழிகாட்டல் இல்லாமல் விட்டால் புதிதாகக் கற்பவர்கள் திணறுவார்கள் என்று வாதிட்டது. அதில் பெரும்பகுதி எனக்கு உடன்பாடு. பச்சையம் என்ற பொருள் இருப்பதை எந்தச் சிரட்டையும் சொல்லித்தராது, ஆசிரியர்தான் சொல்ல வேண்டும். எப்போது சொல்வது என்பதில்தான் என் வழக்கு. பிள்ளைகள் பார்த்ததைத் தாங்களே வாயால் சொல்லி, எழுதி முடித்த பிறகு சொல்லுங்கள்.

கேள்வி கேட்பதிலும் இதே சிக்கல் உண்டு. ஆப்பிரிக்காவில் ஆசிரியர் பயிற்சியில் இருந்த யோஸ் எல்ஸ்கேஸ்ட் ஒரு வகுப்பைப் பற்றி எழுதியிருக்கிறார். மின்கலமும் பல்பும் கம்பியுமாக மாணவிகள் உற்சாகமாக வேலை செய்துகொண்டிருக்கிறார்கள். ஆசிரியர் எல்லாவற்றையும் நிறுத்தி, மின்கலம் என்றால் என்ன என்று கேட்கிறார். வகுப்பு அமைதியாகிவிடுகிறது. அந்தக் கேள்விக்கு விடை மேசைமேல் இல்லை. ஒரே கம்பியை வைத்துக்கொண்டு பல்பை எரிய வைக்க எத்தனை வழி உண்டு, இன்னொரு பல்பையும் சேர்த்தால் வெளிச்சம் கூடுமா குறையுமா என்று கேட்டிருந்தால் விடை மேசைமேலேயே இருந்திருக்கும்.

இங்கே நடைமுறைச் செய்தி ஒன்று. பழைய டார்ச் பல்பு கடைகளில் அருகிவருகிறது. அதற்குப் பதிலாக எல்இடி வாங்கிக் கொடுக்கிறார்கள். 1.5 வோல்ட் செல் ஒன்றை வைத்து எல்இடியை எரிய வைக்க முடியாது, குறைந்தது இரண்டு வேண்டும். கால்களைத் திருப்பிப் போட்டாலும் எரியாது. டார்ச் பல்பில் உள்ளே கம்பிச்சுருள் கண்ணுக்குத் தெரியும். அதன் ஒரு முனை அடிப்புள்ளிக்கும் மறுமுனை பக்கவாட்டு உலோகத்துக்கும் போவதைத் துணியில் சுற்றி உடைத்துக் காட்டலாம். பல்பின் அடியை மட்டும் கம்பியால் தொட்டுக்கொண்டு ஏன் எரியவில்லை என்று தவிக்கிற பிள்ளைக்கு அந்த உடைந்த பல்பு எல்லாவற்றையும் சொல்லிவிடும். ஆகவே டார்ச் பல்பு கிடைக்கிற கடை தெரிந்தால் ஒரு டஜன் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பழைய கைப்பேசி பேட்டரியை மட்டும் வகுப்புக்குள் கொண்டுவர வேண்டாம். வீட்டு மின்சாரத்தைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை.

நேரம் இல்லை என்பது உண்மையான மறுப்பு. ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர் இருக்கும் பள்ளிகள் நம்மிடம் ஏராளம். 2022-இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வாசிப்பையும் கணக்கையும் முன்னே நிறுத்துகிறது. அது நியாயம்தான். அதே ஆண்டு வந்த ‘வானவில் மன்றம்’ கையால் செய்து பார்க்கும் அறிவியலைக் கொண்டுவந்தது, ஆனால் ஆறு முதல் எட்டு வரை. இடையில் மூன்றாம், நான்காம், ஐந்தாம் வகுப்பு அறிவியல் வெறும் புத்தக வாசிப்பாகத் தேங்கிவிடுகிறது. ஈராசிரியர் பள்ளிக்கு ஏற்ற ஆய்வு எது என்று என்னைக் கேட்டால் நிழல் என்பேன். சாமான் எதுவும் வேண்டாம், எல்லா வகுப்பும் சேர்ந்து செய்யலாம், நாளொன்றுக்கு ஒன்றேகால் மணி நேரம் போதும்.

முற்றத்தில் குச்சி ஒன்றை நேராக நட்டு, பதினொன்றே முக்காலிலிருந்து ஒரு மணி வரை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியில் கல் வைப்பது. அதிலும் பிள்ளைகள் முறை வைத்துக்கொள்வார்கள். பன்னிரண்டு மணிக்கு நிழல் மிகக் குட்டையாக இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். அளந்தால் அப்படி இருக்காது. நம் கடிகாரம் மிர்சாபூர் பக்கமாகச் செல்லும் 82.5 பாகைத் தீர்க்கரேகைக்கு உரியது. சென்னையில் சூரியன் உச்சிக்கு வர சராசரியாக 12.09 ஆகும், கோயம்புத்தூரில் 12.22. மாதத்தைப் பொறுத்து இது கால் மணி நேரம் அளவுக்கு முன்பின் நகரும். நிழல் விழும் திசையோ அதைவிட வேடிக்கை. ஜூனில் பள்ளி திறக்கும்போது உச்சி நிழல் தெற்கே விழும். தீபாவளி வாக்கில் வடக்கே விழும். இடையில் ஒரு நாள் நிழலே இல்லாமல் போகும். சென்னையில் அது ஆகஸ்ட் 18 வாக்கில், கன்னியாகுமரியில் செப்டம்பர் முதல் நாள் வாக்கில். ஏப்ரலிலும் அப்படி ஒரு நாள் உண்டு, ஆனால் தேர்வுக் காலம்.

பிள்ளைகள் ‘12.25’ என்று எழுதிக்கொண்டு வந்தால் ‘12’ என்று திருத்தாதீர்கள். இங்கே வந்திருக்கும் வட்டாரக் கல்வி அலுவலர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். அறிவியல் நோட்டின் இடப்பக்கம் பிள்ளை பார்த்ததை எழுதட்டும், வலப்பக்கம் வகுப்பு பேசி முடித்ததை எழுதட்டும். இடப்பக்கத்தில் சிவப்பு மை படக் கூடாது என்று ஆசிரியர்களுக்கு வாய்மொழியாகச் சொன்னாலே போதும். இந்தச் சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளையாரிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டுச் சொற்பொழிவுக்கு யாரை அழைத்தாலும் சரி, அதற்கு முன் இந்த மாவட்டத்தில் பத்துப் பள்ளிகளிலிருந்தாவது ஜூன் முதல் நவம்பர் வரை அளந்த நிழல் நோட்டுகளை வாங்கி அவரிடம் கொடுங்கள். பத்தும் ஒன்றுபோல் இருந்தால் யாரோ பார்த்து எழுதியிருக்கிறார்கள் என்று அர்த்தம், திருப்பி அனுப்பிவிடலாம். ‘இன்று மேகம், நிழல் இல்லை’ என்று எழுதிய நோட்டு இருந்தால் அதை முதலில் படிக்கச் சொல்லுங்கள்.